‘டெஸ்பரட்’: கதிகலங்கிய நிலையைச் சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு முழுமையான வழிகாட்டி

மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு செய்தி என் மேசைக்கு வந்தது. இடிந்து விழுந்த கட்டடத்துக்குள் சிக்கியவர்களை மீட்பது பற்றிய செய்தி. மீட்புக் குழுவினர் ‘டெஸ்பரட் எஃபர்ட்’ ஒன்றில் இறங்கியிருப்பதாக அதில் ஒரு வரி இருந்தது. அகராதியைப் புரட்டினேன். முதல் பொருளாக ‘நம்பிக்கையிழந்த’ என்று கண்டேன். ‘மீட்புக் குழுவினர் நம்பிக்கையற்ற முயற்சியில் ஈடுபட்டுள்ளனர்’ என்று எழுதிக் கொடுத்தேன். மூத்த ஆசிரியர் படித்துவிட்டு நிமிர்ந்து, “நம்பிக்கை இல்லாதவர்கள் கடப்பாரையைக் கீழே போட்டிருப்பார்களே, தம்பி. இவர்கள் ஏன் விடிய விடியத் தோண்டுகிறார்கள்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தச் சொல்லை நான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். ஆங்கில நாளிதழ் படிப்பவர்கள் இதை அடிக்கடி காண்பார்கள். போர், வெள்ளம், நோய், கடன், காதல், தேர்வு, விளையாட்டு என எல்லா இடத்திலும் வருகிறது. ஆனால் அகராதி தரும் முதல் பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால், பாதி இடங்களில் பொருள் தலைகீழாகிவிடும். ஏனென்றால் இந்தச் சொல்லின் உயிர் நம்பிக்கை போனதில் மட்டும் இல்லை. வழக்கமான வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகும் ஓயாமல் முட்டிமோதும் வேகத்தில் இருக்கிறது.

முதல் படி: வேரைப் பார்த்துவிடுங்கள்

இலத்தீனில் ‘ஸ்பேராரே’ என்றால் நம்பிக்கை கொள்வது. அதன் முன் ‘டே’ என்ற ஒட்டு சேர்ந்தால் நம்பிக்கையை விட்டு விலகுவது. அதன் எச்ச வடிவமான ‘டெஸ்பெராட்டுஸ்’ என்பதற்குக் கைவிடப்பட்ட, இனித் தேறாது என்று விடப்பட்ட என்று பொருள். பிழைக்க மாட்டார் என்று ஒதுக்கிய நோயாளியையும் அப்படிச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டு முதல் ‘டெஸ்பரட்’ புழங்கிவருகிறது. அகராதியின் முதல் பொருள் இந்தப் பழைய அடுக்கிலிருந்து வருகிறது. தவறில்லை, ஆனால் கதை அங்கே முடியவில்லை.

இதே வேரிலிருந்து வந்த உறவுக்காரச் சொற்களைத் தெரிந்துகொண்டால் நினைவில் நன்றாகத் தங்கும். மன முறிவைக் குறிக்கும் ‘டெஸ்பேர்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்பானிய மொழியில் ‘எஸ்பெரார்’ என்றால் நம்பிக்கை கொள்வது, காத்திருப்பது இரண்டும்தான். காத்திருப்பதும் நம்புவதும் ஒரே வினையாக இருக்கும் மொழி அது என்பது எனக்கு இன்றும் வியப்பு. 1887இல் ஸாமென்ஹோஃப் ஒரு பொதுமொழியை உருவாக்கி வெளியிட்டபோது ‘டாக்டர் எஸ்பெரான்டோ’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். நம்பிக்கை கொண்டிருப்பவர் என்று பொருள். அந்தப் பெயரே மொழிக்கும் நிலைத்துவிட்டது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தின் இலத்தீன் முழக்கம் ஒன்றில் ‘ஸ்பேரோ’ என்ற சொல் வரும்: மூச்சிருக்கும்வரை நம்பிக்கை கொள்கிறேன் என்பது அதன் கருத்து. நம்பிக்கையைச் சொல்லும் இந்தக் குடும்பத்தில் பிறந்து, நம்பிக்கை தீர்ந்த இடத்தில் போய் நிற்கும் பிள்ளைதான் நம் சொல்.

பொருள் எப்படி நகர்ந்தது என்பதுதான் முக்கியம். எல்லாம் போய்விட்டது என்று தெரிந்த மனிதன் இரண்டில் ஒன்று செய்வான். ஒன்று, உட்கார்ந்துவிடுவான். அல்லது, இழப்பதற்கு இனி எதுவும் இல்லை என்று துணிந்துவிடுவான். ஆங்கிலம் இரண்டாவது மனிதனைப் பிடித்துக்கொண்டது. இந்த நகர்வைத் தமிழன் யாருக்கும் விளக்கவே வேண்டியதில்லை. ‘தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன’ என்ற பழமொழி நம்மிடம் இருக்கிறது. வெள்ளம் தலைக்கு மேல் போனது நம்பிக்கை இழப்பு. சாணும் முழமும் ஒன்றாகிப் போவது துணிவு. முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதிக்குப் போகும் அந்த ஒரு தாவல்தான் ‘டெஸ்பரட்’.

இரண்டாம் படி: உச்சரிப்பு, எழுத்து

தமிழில் பலர் ‘டெஸ்பரேட்’ என்று கடைசியில் ‘ரேட்’ என நீட்டிச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. கடைசி அசை ‘ரட்’ என்று குறுகி ஒலிக்கிறது. வேகமாகப் பேசும்போது நடு உயிரும் தேய்ந்து ‘டெஸ்ப்ரட்’ என்று இரண்டே அசையாகக் கேட்கும். ‘டெஸ்பரேஷன்’ என்ற பெயர்ச்சொல்லில் மட்டும் அழுத்தம் ‘ரே’ மீது நகர்வதால் அங்கே நீட்டலாம். அந்தப் பழக்கத்தில்தான் பெயரடையையும் நீட்டிவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

எழுதும்போது வரும் பிழை ஒன்றே ஒன்று. ‘பி’ என்ற எழுத்துக்கு அடுத்து ‘ஈ’ வர வேண்டும். பலர் ‘ஏ’ என்ற எழுத்தைப் போடுகிறார்கள். ‘ஸ்பேராரே’ என்ற வேரிலும் அந்த இடத்தில் ‘ஈ’ எழுத்துதான் இருக்கிறது. ஸ்பானிய ‘எஸ்பெரார்’, ‘எஸ்பெரான்டோ’ ஆகியவற்றிலும் அப்படியே. வேரை நினைத்துக்கொண்டால் பிழை வராது.

காதில் குழப்பும் இன்னொரு சொல் ‘டிஸ்பரட்’. ஒன்றோடொன்று ஒட்டாத, அடிப்படையிலேயே வேறுபட்ட என்று அதற்குப் பொருள். வேறு வேர், வேறு குடும்பம். ‘டிஸ்பரட் குரூப்ஸ்’ என்று படித்தால் யாரும் தவித்துக்கொண்டிருக்கவில்லை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குழுக்கள் என்றுதான் பொருள்.

மூன்றாம் படி: எதன் மீது அமர்ந்திருக்கிறது என்று கேளுங்கள்

இதுவே வழிகாட்டியின் நடு நரம்பு. இந்தப் பெயரடை ஒரு வாக்கியத்தில் வந்தவுடன், அது நிலைமையின் மீது அமர்ந்திருக்கிறதா, மனிதர் மீதா, செயல் மீதா, தேவை மீதா என்று பாருங்கள். இருக்கை மாறினால் பொருள் மாறும்.

நிலைமையின் மீது அமரும்போது பொருள் நேரானது: மிக மோசமான, ஏறத்தாழ மீட்க முடியாத. ‘எ டெஸ்பரட் சிச்சுவேஷன்’ என்றால் மிகக் கடுமையான நெருக்கடி. ‘ஏறத்தாழ’ என்பதைக் கவனியுங்கள். கதவு முழுவதும் மூடவில்லை. மூடிக்கொண்டிருக்கிறது. முற்றாக மூடிய நிலைக்கு ஆங்கிலம் வேறு சொல் வைத்திருக்கிறது, அதைப் பின்னால் பார்ப்போம். கத்தோலிக்க மரபில் புனித யூதா ததேயுவை இத்தகைய ‘டெஸ்பரட் கேஸ்’களுக்குப் பாதுகாவலர் என்று வணங்குகிறார்கள். கைவிடப்பட்ட காரியங்களுக்காக மன்றாடுகிறவர்களுக்கு உள்ளே எங்கோ ஒரு பொறி மிச்சமிருக்கிறது. அந்தப் பொறி இல்லையென்றால் மன்றாட்டே எழாது.

மனிதர் மீது அமரும்போது இரண்டு கிளைகள் உண்டு. பழைய கிளை: எதற்கும் துணிந்த, ஆபத்தான. ‘எ டெஸ்பரட் கிரிமினல்’ என்றால் வருந்திக்கொண்டிருக்கும் குற்றவாளி என்று எண்ணிவிடக் கூடாது. பிடிபட்டால் எல்லாம் முடிந்தது என்று தெரிந்ததால் எதையும் செய்யக்கூடியவன் என்று பொருள். ‘டெஸ்பெராடோ’ என்ற சொல்லும் இந்தக் கிளையில் பிறந்ததுதான். ஸ்பானிய வாடை வீசும்படி ஆங்கிலேயர்களே ஆக்கிக்கொண்ட வடிவம் அது. புதிய கிளை: வழி தெரியாமல் தவிக்கிற. ‘டெஸ்பரட் பேரன்ட்ஸ்’ என்றால் காணாமல் போன குழந்தையைத் தேடி அலையும் பெற்றோர். இங்கே ஆபத்து இல்லை, துடிப்பு இருக்கிறது. எந்தக் கிளை என்பதைச் சூழல்தான் சொல்லும்.

நிலைமையும் மனிதரும் ஒன்றாகவே போகும் என்று எண்ண வேண்டாம். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் கலம் ஒன்று வெடித்தது. நிலவில் இறங்குவதற்காக இருவருக்கென்று வடிவமைத்த சிறு கலத்தில் மூன்று பேர் நாட்கணக்கில் உயிர்வாழ வேண்டியிருந்தது. கரியமில வாயு ஏறிக்கொண்டிருந்தது. முதன்மைக் கலத்தில் இருந்த சதுர வடிகட்டிகள் இந்தக் கலத்தின் வட்டப் பொருத்துவாயில் பொருந்தவில்லை. பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டுநாடா என்று கையில் கிடைத்தவற்றைக் கொண்டு ஓர் இணைப்பை உண்டாக்கிப் பிழைத்தார்கள். நிலைமை ‘டெஸ்பரட்’தான். ஆனால் பதிவாகியுள்ள வானொலி உரையாடலில் அவர்கள் குரல் நிதானமாக இருக்கிறது. அந்த மனிதர்களை ‘டெஸ்பரட்’ என்று எழுதினால் அது தவறான சித்திரம். எழுதுபவர் எந்த இருக்கையில் சொல்லை வைக்கிறார் என்பதில் அவருடைய தீர்ப்பும் இருக்கிறது.

செயல் மீது அமரும்போதுதான் நான் ஆரம்பத்தில் சறுக்கினேன். ‘டெஸ்பரட் அட்டெம்ப்ட்’, ‘டெஸ்பரட் எஃபர்ட்’, ‘டெஸ்பரட் ஸ்ட்ரகிள்’, நாளிதழ்த் தலைப்புகளுக்குப் பிடித்த ‘டெஸ்பரட் பிட்’ ஆகிய எல்லாவற்றிலும் பொருள் ஒன்றுதான்: வேறு வழி இல்லாததால் முழுவதையும் போட்டுச் செய்கிற செயல். வெற்றி வாய்ப்பு குறைவு, ஊக்கம் உச்சத்தில்.

இதற்கு அன்டார்க்டிகப் பயணி ஷாக்கிள்டன் குழுவின் கடற்பயணத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அன்டார்க்டிகப் பனியில் சிக்கிய ‘என்டூரன்ஸ்’ கப்பல் 1915 நவம்பரில் மூழ்கியது. 28 பேரும் பனிப்பாளங்களின் மீது மாதக்கணக்கில் மிதந்து, பிறகு படகுகளில் எலிஃபன்ட் தீவை அடைந்தார்கள். அங்கே யாரும் தேடி வர மாட்டார்கள். 1916 ஏப்ரல் 24 அன்று ஷாக்கிள்டனும் ஐந்து பேரும், 7 மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள ஓர் உயிர்காப்புப் படகில், உலகின் மிகக் கொந்தளிப்பான கடலில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவைக் கடந்து தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் புறப்பட்டார்கள். மே 10 அன்று கரை தொட்டார்கள். தீவில் தங்கிய 22 பேரும் ஆகஸ்ட் 30 அன்று உயிரோடு மீட்கப்பட்டார்கள். அந்தப் பயணத்தை ‘டெஸ்பரட் வாயேஜ்’ என்று ஆங்கிலத்தில் எழுதலாம். ‘நம்பிக்கையிழந்த பயணம்’ என்று தமிழில் எழுத முடியுமா? படகில் ஏறியவர்களின் முகத்தை நினைத்துப் பார்த்தாலே கை நின்றுவிடும்.

‘டெஸ்பரட் மெஷர்ஸ்’ என்ற சேர்க்கையும் இந்த இருக்கையைச் சேர்ந்தது. நெருக்கடிக் காலத்துக்கு நெருக்கடிக் கால நடவடிக்கை வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு: ‘டெஸ்பரட் டைம்ஸ் கால் ஃபார் டெஸ்பரட் மெஷர்ஸ்’. முற்றிய நோய்க்கு முற்றிய மருத்துவம் என்று ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூற்பா ஒன்றின் கருத்து பல நூற்றாண்டுகள் கைமாறி வந்து இந்த வடிவம் பெற்றது. முதல் ‘டெஸ்பரட்’ காலத்தின் மீதும் இரண்டாவது செயலின் மீதும் அமர்ந்திருப்பதைப் பாருங்கள். ஒரே சொல், ஒரே வரியில், இரண்டு பொருள். முன்னது மோசமான. பின்னது சாதாரண நாளில் யாரும் துணியாத.

கடைசி இருக்கை தேவை, பற்றாக்குறை, விருப்பம். ‘டெஸ்பரட் நீட்’, ‘டெஸ்பரட் ஷார்டேஜ்’ என்றால் தாங்க முடியாத அளவுக்கு முற்றிய தேவை, பற்றாக்குறை. 20ஆம் நூற்றாண்டில் இது மேலும் இளகி, வெறும் ஆவலைக் கூடச் சொல்லத் தொடங்கியது. ‘ஐ ஆம் டெஸ்பரட் ஃபார் எ காஃபி’ என்று ஒருவர் சொன்னால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டாம். காப்பி குடித்தே ஆக வேண்டும் என்ற அளவில் அது பேச்சுவழக்கு மிகைதான். அயர்லாந்தின் பேச்சு ஆங்கிலத்தில் இன்னும் ஒரு படி போய், மழை விடாமல் பெய்யும் நாளையே ‘டெஸ்பரட்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

நான்காம் படி: பின்னால் எதை ஒட்டுவது

ஒரு பொருள் வேண்டித் தவித்தால் ‘ஃபார்’. ‘டெஸ்பரட் ஃபார் நியூஸ்’: தகவல் ஏதாவது வராதா என்று தவிக்கிற. ஒரு செயலைச் செய்யத் துடித்தால் ‘டு’ சேர்ந்த வினை. ‘டெஸ்பரட் டு லீவ்’: எப்படியாவது வெளியேறிவிட வேண்டும் என்று துடிக்கிற. இன்னொருவர் செய்ய வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து வரும்: ‘டெஸ்பரட் ஃபார் ஹிம் டு கால்’, அவன் அழைக்க மாட்டானா என்று ஏங்குகிற. தவிப்பின் காரணத்தைச் சொல்ல ‘வித்’ வரும்: ‘டெஸ்பரட் வித் ஹங்கர்’, பசியால் துடித்துப்போன.

‘ஆஃப்’ ஒட்ட வேண்டாம். ‘டெஸ்பரட் ஆஃப் மணி’ என்பது பிழை. ‘டெஸ்பேர்’ என்ற வினைக்குத்தான் ‘ஆஃப்’ வரும்: ‘டெஸ்பேர் ஆஃப் சக்ஸஸ்’ என்றால் வெற்றி கிடைக்கும் என்ற நம்பிக்கையைக் கைவிடுவது. இந்த ஒட்டு வேறுபாட்டிலேயே பொருள் வேறுபாடும் தெரிகிறது. ‘ஃபார்’ ஒன்றை நோக்கிக் கை நீட்டுகிறது, ‘ஆஃப்’ ஒன்றிலிருந்து கையை எடுத்துவிடுகிறது.

வினையடை ‘டெஸ்பரட்லி’. முயற்சி, தேடல், விருப்பம் சார்ந்த வினைகளோடு வந்தால் உயிரைக் கொடுத்து, பாடாய்ப் பட்டு என்று பொருள். கெட்ட தன்மையைச் சொல்லும் பெயரடைகளோடு வந்தால் வெறும் ‘மிக மிக’: ‘டெஸ்பரட்லி புவர்’ என்றால் கொடிய வறுமையில் உள்ள, ‘டெஸ்பரட்லி இல்’ என்றால் உயிருக்குப் போராடும் நிலையில் உள்ள. ‘டெஸ்பரட்லி ஹேப்பி’ என்று எழுதினால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். ‘நாட்’ என்ற எதிர்மறையோடு வரும்போது ஒரு நுட்பம் உண்டு: ‘நாட் டெஸ்பரட்லி இன்ட்ரஸ்டட்’ என்று ஒரு பிரிட்டிஷ்காரர் சொன்னால் ‘எனக்கு அதில் அவ்வளவாக ஆர்வமில்லை’ என்ற மென்மையான மறுப்பு அது.

பெயர்ச்சொல் ‘டெஸ்பரேஷன்’. பெரும்பாலும் ‘இன் டெஸ்பரேஷன்’, ‘அவுட் ஆஃப் டெஸ்பரேஷன்’ என்று வரும். வேறு வழி தெரியாமல் என்று இரண்டையும் தமிழில் சொல்லிவிடலாம். ‘டெஸ்பேர்’ என்பதிலிருந்து இதைப் பிரித்து அறிவது எளிது. ‘டெஸ்பேர்’ உட்கார்ந்திருக்கும். ‘டெஸ்பரேஷன்’ ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாம் படி: அண்டை வீட்டுச் சொற்கள்

மிக அருகில் இருப்பதும் மிக அதிகமாகக் குழப்புவதும் ‘ஹோப்லெஸ்’. கதவு முற்றாக மூடிய நிலை அது. நிலைமை ‘ஹோப்லெஸ்’ என்றால் முயல்வதில் பயனில்லை என்று சொல்பவர் முடிவு செய்துவிட்டார். ‘டெஸ்பரட்’ என்றால் இன்னும் முயல்கிறார்கள். இந்த இடத்தில் தமிழ் மரபு ஒரு கருவி தருகிறது. புறப்பாடல்களில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. காத்தவன் இறந்தபின் செய்வதற்கு எதுவும் இல்லாமல் நிற்பவர்களின் புலம்பல் அது. கை அற்றுப்போன நிலை, செயல் அற்றுப்போன நிலை. பலர் ‘டெஸ்பரட் சிச்சுவேஷன்’ என்பதைக் கையறு நிலை என்று பெயர்க்கிறார்கள். எனக்கு அது ஒப்புதலில்லை. கை அற்றவனால் ஒன்றும் செய்ய இயலாது. ‘டெஸ்பரட்’ மனிதனோ உடம்பெல்லாம் கையாக எதையாவது பற்றத் துழாவுகிறான். கையறு நிலை ‘ஹோப்லெஸ்’, ‘ஹெல்ப்லெஸ்’ இரண்டுக்கும்தான் பொருத்தம்.

‘டயர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அச்சமூட்டும், தீக்குறி காட்டும் என்ற பொருளுடைய இலத்தீன் ‘டீருஸ்’ அதன் வேர். நிலைமை, விளைவு, எச்சரிக்கை ஆகியவற்றோடு வரும்: ‘டயர் கான்சிக்வன்சஸ்’, கொடிய விளைவுகள். தவிக்கும் மனிதரை அந்தச் சொல்லால் குறிக்க முடியாது. அதுவே வேறுபாடு. ‘டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்’ என்ற தொடரில் வரும் ‘ஸ்ட்ரெய்ட்’ இரு நிலங்களுக்கிடையே குறுகிய நீரிணையையும் குறிக்கும், குறுகலில் சிக்கிய துன்பத்தையும் குறிக்கும். நம்முடைய நெருக்கடிக்குள்ளும் ஒரு நெருக்கு இருக்கிறது. ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்காமலே இரு மொழிகளும் துன்பத்தைக் குறுகலாகக் கண்டிருக்கின்றன.

‘ஃபிரான்டிக்’ என்பதில் பதற்றம் வெளியே தெரியும்: அங்குமிங்கும் ஓட்டம், சிதறிய செயல். ‘டெஸ்பரட்’ மனிதர் அசையாமல் நின்றுகொண்டும் இருக்கலாம். ‘டெஸ்டிட்யூட்’ என்பது உடைமை ஏதுமற்ற வறுமையைச் சொல்கிறது, மனநிலையைப் பற்றிப் பேசாது. ‘ஃபர்லான்’ தனித்து விடப்பட்ட சோகம். ‘ஃபர்லான் ஹோப்’ என்ற தொடரில் உள்ள ‘ஹோப்’ முதலில் நம்பிக்கையே இல்லை என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. டச்சு மொழியில் ‘இழந்த படைக்கூட்டம்’ என்று பொருள்படும் தொடர் அது. கோட்டைத் தாக்குதலில் முதல் ஆளாக உள்ளே பாய அனுப்பப்படும் சிறு படைக்கு அந்தப் பெயர். கூட்டத்தைக் குறித்த டச்சுச் சொல் ஆங்கிலக் காதில் நம்பிக்கையாகக் கேட்டுவிட்டது.

ஆறாம் படி: தமிழில் கொண்டுவருவது

பெயரடைக்குப் பெயரடை தேடுவதை நிறுத்துங்கள். இந்தச் சொல்லைத் தமிழில் எடுக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அதன் பொருளை வினைக்குள் இறக்கிவிடுவது. தவி, துடி, திண்டாடு, அல்லாடு, போராடு, மன்றாடு, துழாவு என இந்த உணர்வுக்குத் தமிழில் வினைகள் ஏராளம். ‘தண்ணீருக்கு டெஸ்பரட்டாக இருக்கும் மக்கள்’ என்பதை ‘தண்ணீரின்றித் தவிக்கும் மக்கள்’ என்று சொன்னால் முடிந்தது. ‘டெஸ்பரட் அப்பீல்’ என்பதற்கு ‘நம்பிக்கையிழந்த வேண்டுகோள்’ வேண்டாம், ‘உதவுமாறு மன்றாடினர்’ என்று எழுதுங்கள்.

செயலின் மீது வரும்போது வினைக்கு முன் ஓர் எச்சத்தொடர் வேலையை முடித்துவிடும்: உயிரைப் பணயம் வைத்து, எப்பாடு பட்டாவது, வேறு வழியின்றி, கடைசி முயற்சியாக. இவற்றுள் எது என்பதை வாக்கியத்தில் உள்ள ஆபத்து தீர்மானிக்கும். உயிர் போகும் ஆபத்து இல்லாத இடத்தில் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. நிலைமை மீது வரும்போது ‘மிக மோசமான’, ‘கைமீறிப் போகும்’, ‘கடும் நெருக்கடியில்’ போன்றவை போதும். துணிந்த குற்றவாளிக்கு ‘எதற்கும் துணிந்த’. ‘எதையும் செய்யத் துணிந்துவிட்ட’ என்று ஒரு வினை சேர்த்தால் இன்னும் தெளிவு.

‘விரக்தி’ என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாளுங்கள். செய்தி மொழிபெயர்ப்புகளில் ‘விரக்தியான முயற்சி’ என்று பார்க்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படுகிறது. விரக்தி என்றால் பற்று விட்ட நிலை. பற்று விட்டவர் முயல மாட்டார். ‘டெஸ்பரட்’ மனிதரின் பற்று இறுகியிருக்கிறது. நீரில் மூழ்குகிறவன் துரும்பைப் பற்றும் பற்று அது.

ஏழாம் படி: எங்கே எழுதக் கூடாது

ஒருவரை எந்த ஒட்டும் இல்லாமல் ‘ஹீ இஸ் டெஸ்பரட்’ என்று சொன்னால், தொனியைப் பொறுத்து அது இழிவாகிவிடும். குறிப்பாகக் காதல், திருமணம், நட்பு, பதவி தொடர்பான பேச்சில், ‘கிடைத்தால் போதும் என்று அலைகிறான்’ என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. உண்மையான துன்பத்தில் இருப்பவரைப் பற்றி எழுதும்போது அந்த நிழல் விழாமல் காக்க ஓர் எளிய வழி: எதற்காகத் தவிக்கிறார் என்பதை ‘ஃபார்’ அல்லது ‘டு’ சேர்த்துச் சொல்லிவிடுவது. காரணம் தெரிந்தால் வாசகர் இரங்குவார், காரணம் மறைந்தால் எடைபோடுவார்.

வேலை விண்ணப்பத்தில் இந்தச் சொல் வேண்டவே வேண்டாம். தேவை எவ்வளவு உண்மையாக இருந்தாலும், ‘ஐ ஆம் டெஸ்பரட் ஃபார் திஸ் ஜாப்’ என்பது ‘எனக்கு வேறு யாரும் வேலை தரவில்லை’ என்று படிக்கப்படும். என்னிடம் கடிதம் திருத்தக் கொடுத்த பல இளைஞர்கள், மிகுந்த ஆர்வம் என்று எண்ணி நல்ல மனத்தோடு இதை எழுதியிருந்தார்கள். ஆர்வத்துக்கு ‘ஈகர்’ அல்லது ‘கீன்’ போதும். அவசர உதவி கேட்கும் கடிதத்தில் ‘அர்ஜன்ட்’ போதும். ‘அர்ஜன்ட்’ நேரத்தைப் பற்றிப் பேசுகிறது, ‘டெஸ்பரட்’ எழுதுபவரின் நிலையைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் உண்மையிலேயே எல்லா வழியும் அடைபட்டு ஒருவரிடம் உதவி கேட்கும்போது தயங்காமல் எழுதுங்கள். அதற்காகத்தான் அந்தச் சொல் இருக்கிறது. அதைக் காப்பிக்கும் கால்பந்துக்கும் செலவழித்துத் தேய்த்துவிட்டால், தேவைப்படும் நாளில் அதன் கனம் குறைந்துபோயிருக்கும் என்பதே என் கவலை.

எட்டாம் படி: சில வாக்கியங்களில் பழகிப் பாருங்கள்

‘தி பேஷன்ட்ஸ் கண்டிஷன் இஸ் டெஸ்பரட்.’ இருக்கை நிலைமை. நோயாளியின் நிலை கவலைக்கிடமாக உள்ளது.

‘ஹீ மேட் எ டெஸ்பரட் லீப் ஃபார் தி ரோப்.’ இருக்கை செயல். கயிற்றைப் பிடித்துவிட உயிரை வெறுத்துத் தாவினான். ‘உயிரை வெறுத்து’ என்பது இங்கே எவ்வளவு கச்சிதமாக அமர்கிறது பாருங்கள். உயிரை வெறுத்தவன் உயிர் பிழைக்கத்தான் தாவுகிறான். ஆங்கிலச் சொல்லில் உள்ள அதே முரண் தமிழ் வழக்கிலும் இருக்கிறது.

‘திங்ஸ் கான்ட் பி தட் டெஸ்பரட்.’ ஆறுதல் சொல்லும் குரல். நிலைமை அப்படியொன்றும் கைமீறிப் போய்விடவில்லை.

கடைசியாகக் கொஞ்சம் கடினமானது: ‘ஷீ வாஸ் டெஸ்பரட் நாட் டு லெட் இட் ஷோ.’ எதிர்மறை நடுவில் வருவதால் பலர் இதில் தடுமாறுகிறார்கள். அவள் ஒன்றைச் செய்யத் துடிக்கவில்லை, ஒன்று நடக்காமல் இருக்கத் துடிக்கிறாள். ‘வெளியே தெரியாமல் இருப்பதற்கு அவள் மிகவும் தீவிரமாக இருந்தாள்’ என்று ஒரு மாணவர் எழுதிக் காட்டினார். இலக்கணம் சரி, உயிர் இல்லை. இருவரும் சற்று நேரம் அந்த வரியோடு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவரே எழுதினார்: ‘வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று தவித்தாள்.’ அந்த ஓர் ஏகாரத்தில் முழு ‘டெஸ்பரட்’டும் வந்து நின்றது.